கலைக்கு அரசுப் பணம் வேண்டும்: டர்பன் பட்டிமன்றத்தில் எங்கள் அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் அக்காமார் எல்லோருக்கும், வேலை முடிந்த கையோடு சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் மெர்பேங்கிலிருந்தும் வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

ஊர்க் கலைகள் வாழ அரசுப் பணம் வேண்டுமா, சமூகமே பார்த்துக்கொள்ளுமா என்பது இன்றைய தலைப்பு. வேண்டும் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் நன்றாகவே பேசினார். 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் இந்தத் தென்னாப்பிரிக்க மண்ணில் வந்து இறங்கிய நம் பாட்டன்மார் யாரிடமும் மானியம் கேட்கவில்லை, தாங்களே கோயில் கட்டினார்கள், தாங்களே கூத்தாடினார்கள் என்றார். குழாயில் தண்ணீர் வராத ஊரில் நாட்டியத்துக்கு எதற்குப் பணம் என்று கேட்டார். கலைக்கென்று ஒதுக்கிய பணம் யார் பையில் போனது என்றும் கேட்டார், அதற்குத்தான் பெரிய கைத்தட்டல். மூன்றும் நேர்மையான கேள்விகள். ஒன்றையும் நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை.

பாட்டன்மாரிலிருந்தே தொடங்குகிறேன். அவர்கள் மானியம் கேட்கவில்லை, உண்மைதான், ஆனால் கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? வாரம் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு, கிடைத்த ஓர் இரவில் முகத்தில் அரிதாரம் பூசி விடிய விடியத் தெருக்கூத்து ஆடினார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாதிரியான கரும்புத் தோட்டங்களில் ஆடினார்கள், டர்பன் நகரசபையின் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் ஆடினார்கள். பாரக்ஸில் கூத்து வாத்தியார் அடுத்த வரிசை வீட்டில் இருப்பார், ஆர்மோனியக்காரர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். ஒத்திகைக்கு ஹால் பிடிக்க வேண்டாம், பஸ் ஏற வேண்டாம், வாசலே போதும். காசில்லாமல் கூத்து நடந்தது என்றால், அதற்கான செலவை அந்த நெருக்கமான வாழ்க்கை தன் தலையில் ஏற்றுக்கொண்டது என்றுதான் அர்த்தம். அறுபதுகளில் நிறவெறி ஆட்சியில் அந்த வரிசைகளைக் காலிசெய்து, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு மக்களை அனுப்பினார்கள். அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் யூனிட் என்று பெயர்: மத்தளக்காரர் ஒரு யூனிட்டில், வேஷம் கட்டுகிறவர் இன்னொரு யூனிட்டில், நடுவில் மேடும் பள்ளமும் பஸ் கட்டணமும். பிறகு எங்கே போய் விடிய விடிய ஆடுவது?

அதே பத்தாண்டில், 1963இல், இதே நாட்டின் அரசு இன்னொன்றும் செய்தது. மாகாணத்துக்கு ஒன்றாக நான்கு நிகழ்த்துகலை மன்றங்களை உருவாக்கியது. நம் நேட்டாலுக்கு வந்ததன் பெயர் நாப்பாக். பாலே, ஓபரா, நாடகம், பின்னாளில் ஒரு முழு இசைக்குழு, இத்தனைக்கும் அரசுப் பணம். கலைஞருக்குச் சம்பளம், ஒத்திகைக்கு இடம், உடை தைக்க ஆள், மேடைக்கு விளக்கு. எல்லாம் வெள்ளையருக்காக என்று வைத்த ஏற்பாடு. சர்க்கரையிலும் துணியிலும் பீடியிலும் வரி கட்டியவர்களில் நாமும் உண்டு, அந்த மேடையில் நமக்கு இடம் இல்லை. 1983இல் நாப்பாக் தொடங்கிய நேட்டால் பில்ஹார்மோனிக் இசைக்குழு இன்றும் குவாசூலு-நேட்டால் பில்ஹார்மோனிக் என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருக்கிறது. நல்ல இசை, அது நீடிக்க வேண்டும், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் நம் தெருக்கூத்துக் குழுக்கள் இன்று எத்தனை? விரல்விட்டு எண்ணிவிடலாம். வயலின் உசத்தி, கூத்து மட்டம் என்று இந்த அரங்கில் ஒருவராவது சொல்வாரா? ஒன்றுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது, இன்னொன்றுக்கு ஓய்வு நாளின் இரவு மட்டும் கிடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, அரசுப் பணத்தால் கலை வளராது என்று சொல்கிற எதிரணிக்கு நம் ஊரே எதிர்ச்சாட்சி: பணம் போன இடத்தில் வளர்ந்தது, போகாத இடத்தில் வாடியது. அநியாயம் பணத்தைக் கொடுத்ததில் இல்லை, நமக்கும் ஜூலு மக்களுக்கும் கொடுக்காமல் விட்டதில் இருக்கிறது. அந்தக் குழாயை நம் தெருவுக்கும் திருப்பு என்று கேட்க வேண்டிய நேரத்தில், நாமே எழுந்து நின்று அதை மூடிவிடு என்று சொல்வதா?

நமக்கு அரசுப் பணம் அறவே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. அதே 1983இல்தான் ரேடியோ லோட்டஸ் தொடங்கியது, இன்றைய லோட்டஸ் எஃப்எம். தொடங்கிய அரசு நிறவெறி அரசு, அதன் நோக்கத்தை நான் புகழ மாட்டேன். ஆனாலும் வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசிய எத்தனையோ குடும்பங்களுக்குத் தமிழ்ப் பாட்டும் தமிழ்க் குரலும் தினமும் சமையலறைக்குள் வந்தது அந்தப் பொது ஒலிபரப்பால்தான். விளம்பரக் கம்பெனி எதுவும் அதைத் தானாகத் தொடங்கியிருக்காது. கேட்கிறவர் எண்ணிக்கை குறைவு என்று கணக்குப் போட்டு விலகியிருக்கும்.

டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் நினைவிருக்கிறதா? அங்கே தமிழ் படிக்கலாம், இந்திய இசை படிக்கலாம். 2004இல் அது நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைவதற்கு முன்னாலேயே இந்திய மொழித் துறை மூடப்பட்டுவிட்டது. அதன் விளைவை நாம் இன்று ஒவ்வொரு சனிக்கிழமை வகுப்பிலும் பார்க்கிறோம். பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றோருக்கு ஆர்வம் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் இல்லை. 1996 அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதை வளர்க்கவும் மதிக்கவும் வழிசெய்ய வேண்டும் என்கிறது. பட்ஜெட்டில் ஒரு வரியாவது இல்லாமல் அந்த வாக்கு எப்படி நிறைவேறும்?

சரி, சமூகம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். கோயில்கள் செய்கின்றன, தமிழ்ப் பள்ளிச் சங்கங்கள் செய்கின்றன, அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கடைக்காரர்களும் கம்பெனிகளும்கூடத் தீபாவளி விழாவுக்கு ஸ்பான்சர் தருகிறார்கள், சென்னையிலிருந்து பாடகர் வருகிறார், நாமும் குடும்பத்தோடு போகிறோம். ஆனால் ஸ்பான்சர் காசு கொடுப்பது அந்த ஒரு மாலைக்கு. பேனரில் பெயர் தெரியும், படம் எடுக்கலாம். கலையின் செலவு அந்த மாலையில் இல்லை, அதற்கு முந்தைய மாதங்களில் இருக்கிறது. வாரா வாரம் ஹால் வாடகை, ஆசிரியருக்குக் கௌரவமான சம்பளம், டர்பன் ஈரக் காற்றில் தளர்ந்துபோகிற மிருதங்கத் தோலை மாற்றுகிற செலவு, இருட்டிய பிறகு பெண்பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டில் விட ஒரு வண்டி. இதற்கெல்லாம் எந்தக் கம்பெனி பேனர் கட்டும்? இந்தக் கண்ணுக்குத் தெரியாத மாதங்களுக்குப் பணம் கொடுக்க ஒரு பொது நிதி இல்லையென்றால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் அரங்கேற்றம் வரை போகும். கார் இல்லாத வீட்டுப் பிள்ளை மூன்றாவது மாதத்தில் நின்றுவிடும், அதற்கு என்ன திறமை இருந்தது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியவில்லை. 2000 மார்ச்சில் சாட்ஸ்வர்த்தில் த்ராப் என்ற இரவு விடுதியில் பள்ளிப் பிள்ளைகள் கூடியிருந்த நேரத்தில் கண்ணீர்ப்புகை வெடித்து, நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். இங்கே இருக்கும் பலருக்கு அந்தக் குடும்பங்களைத் தெரியும். மண்டேலா வந்தார், அவருடைய முயற்சியால் ஓர் இளைஞர் மையம் எழுந்தது. பிள்ளைகள் கூடி ஆடவும் பாடவும் பாதுகாப்பான இடம் வேண்டும் என்பதை ஓர் ஊர் அந்த விலை கொடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

இப்போது தண்ணீர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், டோங்காட்டில் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து மாதக்கணக்கில் குழாய் காய்ந்து கிடந்தது. அந்தக் கஷ்டத்தைச் சாதாரணமாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. விளையாட்டு, கலை, பண்பாடு மூன்றையும் பார்க்கும் தேசியத் துறைக்கு நாட்டின் மொத்த பட்ஜெட்டில் அரை சதவீதம்கூட வருவதில்லை. அதை முழுக்க வெட்டினாலும் நம் குழாய்கள் சரியாகாது, ஏனென்றால் அவை பராமரிப்பு இல்லாமல் கெட்டவை. மிருதங்க வகுப்பு தின்றது அல்ல அந்தப் பணம்.

அதோடு, தண்ணீர் மாதிரியே இல்லாமல் வாழ முடியாத இன்னொன்றும் இருக்கிறது: பக்கத்து ஊர்க்காரன் யார் என்று தெரிந்திருப்பது. 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க மக்கள். ஃபீனிக்ஸுக்கும் ஆப்பிரிக்க மக்கள் வாழும் பாம்பாயிக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? நடந்தே போகலாம். அவர்கள் பாடுவது நமக்குத் தெரியாது, நாம் ஆடுவது அவர்களுக்குத் தெரியாது, ஒருவர் இன்னொருவரை வேலைக்காரராகவோ முதலாளியாகவோ மட்டும்தான் பார்த்தோம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே மேடையில் நிறுத்தலாம் என்பதைச் சூர்யா கோவெந்தர் தன் சூரியலங்கா நடனக் குழுவில் பரதத்தையும் ஜூலு நடனத்தையும் சேர்த்து எப்போதோ காட்டிவிட்டார். அப்படி ஒன்று ஒவ்வொரு ஊரிலும் நடக்க யார் பணம் கொடுப்பார்கள்? கோயில் கமிட்டி கோயிலுக்குத்தான் செலவழிக்கும், அது அதன் கடமை. அவர்கள் தேவாலயம் தேவாலயத்துக்குச் செலவழிக்கும். இரண்டு பேருக்கும் பொதுவானதற்கு இரண்டு பேருடைய வரிப் பணம்தான் சரியான பணம். ஒரு கலவரத்தில் எரிந்துபோகிற கடைகளின் மதிப்பில் சிறு பங்கு இருந்தால் எத்தனை வருடம் இந்த ஒத்திகைகளை நடத்தலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிரணி அக்கா ஒரு நுட்பமான கேள்வி கேட்டார்கள், அரசின் காசை வாங்கினவர் அரசை எதிர்த்துப் பேசுவாரா என்று. எழுபதுகளில் நேட்டால் நாடக மன்றத்தைச் சேர்ந்த ஸ்ட்ரினி மூட்லியையும், கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தில் அவரோடு நின்ற சாத்ஸ் கூப்பரையும் கைது செய்தபோது, அந்த வழக்கில் நாடகமும் கவிதையும் குற்றச்சாட்டில் சேர்ந்தன, அவர்கள் ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். அந்தக் கலைக்கு அரசுக் காசு வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. அந்தத் தியாகம் பெரிது. ஆனால் சிறைக்குப் போகத் துணிந்தவர் மட்டுமே கலை செய்யலாம் என்ற நிலையைத்தானே மாற்றப் போராடினோம்? அதனால்தான் 1997 சட்டப்படி தேசியக் கலை மன்றம் வந்தது, மந்திரி நேராகக் கையெழுத்துப் போடாமல் தனி மன்றம் முடிவு செய்யட்டும் என்று. அது எப்போதும் சரியாக நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்பான்சர் ஒரு நாடகத்தை வேண்டாம் என்றால் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் அக்கா எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக அந்தக் கைத்தட்டல் கேள்வி. 2021இல் கொரோனா காலத்தில் கலைஞர்களுக்கு என்று 300 மில்லியன் ராண்ட் ஒதுக்கினார்கள், கலை மன்றம் கையில் இருந்ததைவிட அதிகமாக வாக்குக் கொடுத்துவிட்டு ஒப்பந்தங்களைக் குறைத்தது. 2022இல் கலைத் துறை 22 மில்லியன் ராண்டில் தேசியக் கொடிக்கு ராட்சதக் கம்பம் என்றது. கலைக்கும் பணம் தருகிற லாட்டரி நிதியிலும் திருட்டு. அண்ணன் சொன்னது அத்தனையும் நடந்தது, எனக்கும் வயிறு எரிகிறது.

அடுத்து என்ன நடந்தது என்பதையும் அண்ணன் சொல்லியிருக்க வேண்டும். ஓபரா பாடகி சிபோங்கிலே ம்ங்கோமாவும் சக கலைஞர்களும் ஜோஹானஸ்பர்க்கில் அந்த மன்றத்தின் அலுவலகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள், ஏறக்குறைய இரண்டு மாதம் எழுந்திருக்கவில்லை. கொடிக் கம்பத்தை நாடே எதிர்த்தது, திட்டம் ரத்தானது. லாட்டரித் திருட்டைச் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு துருவுகிறது. ஏன் இதெல்லாம் முடிந்தது? அது நம் பணம். கணக்குக் கேட்க நமக்குச் சட்டம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, போய் உட்கார ஒரு தரை இருக்கிறது. ஒரு பணக்காரர் தன் அறக்கட்டளையை நாளைக்கே மூடினால் யார் வாசலில் போய் உட்காருவோம்? திருடுகிறார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் வேண்டாம் என்று இந்த மேடையில் யாரும் சொல்லவில்லை. கலைக்கு மட்டும் ஏன் அந்த நியாயம்?

நடுவர் அவர்களே, தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். எதிரணியிடம் ஒரு கோரிக்கை மட்டும் பாக்கி. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை முதல் தேதி தொடங்குகிறது. அதற்குத் தொண்ணூறு நாள் முன்னதாக வரைவு பட்ஜெட்டைச் சபையில் வைத்தாக வேண்டும், அதன்பிறகு பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். நகராட்சி ஹால்களின் வாடகைக் கட்டணமும் அந்தக் காகிதங்களில்தான் இருக்கும். வார நாட்களில் மாலை நேரத்தில் பிள்ளைகள் ஒத்திகை பார்க்க ஹாலை இலவசமாகத் திறந்துவிடுங்கள் என்று எங்கள் அணி எழுதிக் கொடுக்கப் போகிறது. தமிழ் வகுப்புக்கு மட்டும் கேட்கவில்லை, ஜூலு மக்களின் இஸிகத்தாமியா என்ற குழுப்பாட்டைப் பாடுகிற குழுவுக்கும் சேர்த்துத்தான். அண்ணனும் அக்காவும் அதில் கையெழுத்துப் போடலாம், தண்ணீர்க் குழாய்க்கான உங்கள் மனுவில் நாங்களும் போடுகிறோம். காகிதம் வாசல் மேசையில் இருக்கிறது.