1867-லேயே மொரிசியஸில் முகம் பார்த்துப் பிடித்தார்கள்!

வணக்கம் மக்களே. முகத்தைப் படம் பிடித்து, ஓர் எண் கொடுத்து, கையில் ஒரு சீட்டைத் திணிக்கிறார்கள். அந்தச் சீட்டு இல்லாமல் ரோட்டில் நின்றால் போலீஸ் பிடிக்கும். 2050-ல் நடக்கப்போகிற கதை என்று நினைக்காதீர்கள். 1867-ல், இதே மொரிசியஸில், நம் எள்ளுத்தாத்தாக்களுக்கு நடந்தது.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1834 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காக நாலரை லட்சம் இந்தியர்கள் போர்ட் லூயிஸில் இறங்கினார்கள். சென்னையில் கப்பல் ஏறி வந்த நம்மவர்களும் அதில் உண்டு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: பழைய உருவப்படச் சீட்டு]

இதை உற்றுப் பாருங்கள். தலையும் தோளும் மட்டும் தெரிகிற படம், கூடவே ஓர் எண். அந்தக் காலத்தில் போட்டோ என்பது புத்தம்புதுத் தொழில்நுட்பம். பணக்காரர்கள் குடும்பத்தோடு ஸ்டூடியோவுக்குப் போய் ஆசையாக எடுத்துக்கொள்வார்கள். நம் ஆளுக்கோ அதே கேமரா காவலாளியாக வந்தது. இவர் ஐந்து வருட ஒப்பந்தத்தை முடித்தவர், அதாவது சட்டப்படி சுதந்திரமானவர். அப்படிப்பட்டவருக்குத்தான் 1867 சட்டம் இந்தப் படச் சீட்டையும், எந்த மாவட்டத்தில் இருக்கிறார் என்று சொல்லும் போலீஸ் பாஸையும் கட்டாயமாக்கியது. தொலைந்துபோனால் காசு கட்டிப் புதிது வாங்க வேண்டும். கையில் இல்லையென்றால் நாடோடி என்று கைது. எனக்கு இதில் வயிறு எரிவது எங்கே தெரியுமா? ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் கயிறு இறுகுகிறது. மறுபடி ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்துக்கே திரும்பினால் தொல்லை இல்லை!

1871-ல் 9,401 பேர் இதை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். எழுத உதவியவர் அடோல்ஃப் த பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர். அவரை நாடு கடத்தச் சொல்லித் தோட்ட முதலாளிகள் கொதித்தார்கள். ஆனாலும் அடுத்த வருடமே, அப்போது மொரிசியஸை ஆண்ட பிரிட்டனின் அரச விசாரணைக் குழு வந்தது.

இப்போது 2013-க்கு வாருங்கள். கைரேகையோடு புது அடையாள அட்டை. எங்கள் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருடம் கரும்பு வெட்டிய கை. கண்ணாடியில் விரலை வைக்கிறார், மெஷின் ஏற்கவில்லை. துடைத்து வைக்கிறார், ஏற்கவில்லை. "இன்னும் அழுத்துங்க" என்கிறார் அலுவலர். பாட்டி என் பக்கம் திரும்பி, "ரேகையெல்லாம் தோட்டத்திலேயே போயிருச்சுப்பா" என்றார். அந்த விரல்நுனிகளைத் தொட்டுப் பார்த்தேன். கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன.

அந்த அட்டையை எதிர்த்து ஒருவர் வழக்குப் போட்டார். 2015-ல் உச்ச நீதிமன்றம், ரேகை எடுக்கலாம், ஆனால் அப்போது இருந்த ஏற்பாட்டில் அரசு அதைச் சேமித்து வைப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. 2021-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு, போதிய பாதுகாப்பு இல்லாமல் அட்டையிலேயே ரேகையை வைப்பதும் தனியுரிமை மீறல் என்றது. ஒரே ஒரு ஆள் கிளப்பிய கேள்வி!

ரோபோ வந்து நம்மையெல்லாம் அழித்துவிடுமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கிற பயம், பதிவேடும் சுவிட்சும் யார் கையில் என்பதுதான். 2024 நவம்பர் 1-ஆம் தேதி, தேர்தலுக்குப் பத்து நாள்கூட இல்லாதபோது, சமூக வலைத்தளங்களை முடக்க உத்தரவு வந்தது ஞாபகம் இருக்கிறதா? நாடே கத்தியது. மறுநாளே திரும்பப் பெற்றார்கள். அந்த மறுநாள் நவம்பர் 2. நம் முன்னோர் வந்திறங்கியதை, அவர்கள் கரையேறிய போர்ட் லூயிஸ் துறையான ஆப்ரவாசி காட் படிகளில் பூ வைத்து நினைக்கிற நாள்!

இன்னொன்று. அந்தப் படங்கள் இன்றும் மோக்காவில், மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிடிப்பதற்காக எடுத்த படம்தான் பல குடும்பங்களுக்கு எள்ளுத்தாத்தாவின் ஒரே படம். வீட்டுப் பழைய காகிதங்களில் குடியேறி எண், அதாவது அன்று அவர்களுக்குக் கொடுத்த அந்த எண், இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் போய்க் கேளுங்கள், அந்த முகத்தைப் பாருங்கள். பார்த்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். ஒன்றுவிடாமல் படிப்பேன்.