பாஞ்சாலிக்கு இரண்டு மாங்காய்த் திருடர்கள்

(பாலக்கோடு பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவில் பேசியது. தலைப்பு: போர் நடக்கும் நாட்டில் கடத்தப்படும் ஒப்பந்தத் தொழிலாளரை மீட்கக் கைதிகளை விடுவிப்பது அறமா, ஆபத்தா? நான் "அறமே" அணி.)

நடுவர் அவர்களே, எதிரணியினரே, குளிரில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர்மக்களே, வணக்கம். எட்டு நிமிஷம் கொடுத்தார்கள், அதில் இரண்டு நிமிஷம் மைக் கூவியே போய்விட்டது. அதனால் பொன்னாடை போர்த்தியவர்கள் பெயரையெல்லாம் விட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நெல்லிக்கனியையும் விட்டுவிடுகிறேன். தருமபுரி மாவட்டத்தில் பட்டிமன்றம் என்றால் அதியமான் வந்தாக வேண்டும். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் ஔவைக்கு ஆளுக்கொரு கனி கொடுத்துவிட்டார்கள், மரத்தில் இனி இலைதான் பாக்கி.

நேராக வழக்கறிஞர் அண்ணனிடம் வருகிறேன். என்ன சொன்னார்? "காசுக்குப் போனவன் மாட்டிக்கொண்டான். முதலை இருக்கிற மடுவில் மீனுக்கு இறங்கினவனுக்காக ஆற்றையா எழுதித் தர முடியும்?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், நான் பார்த்தேன். அந்த மூன்றாவது வரிசைப் பெரியவர் விசிலே அடித்தார்.

காசுக்குப் போனவனாம். இங்கே காசுக்குப் போகாதவர் யார் சாமி? அண்ணன் மேடை இறங்கியதும் ஒரு கவர் வாங்குவார். நானும் வாங்குவேன், எண்ணியும் பார்ப்பேன். பட்டாளத்துக்காரருக்கும் சம்பளம் உண்டு, அதனால் அவர் மாட்டினால் விட்டுவிடுவோமா?

இந்தக் "காசுக்கு வந்தவன்" பேச்சை நான் எட்டாவது படிக்கும்போதே கேட்டாயிற்று. எங்கள் ஊரில் பாரதக் கூத்து. அன்றைக்கு ராத்திரி துகில் கூத்து. பாஞ்சாலி வேஷம் கட்டுகிறவருக்கு ஐம்பது வயது இருக்கும். பாதி முகத்துக்கு அரிதாரம் பூசியாயிற்று, மீதி முகத்துக்குப் பூசுவதற்குள் பீடி தீர்ந்துபோய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைக்குப் போனார். போனவர் வரவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் டிவிஎஸ் 50-இல் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போன வருஷம் அவர்களிடம் அச்சாரம் வாங்கிக்கொண்டு இந்தக் கூத்து வாத்தியார் படுகளக் கூத்துக்கு வராமல் ஏமாற்றிவிட்டாராம். கடன் பட்டவர் வாத்தியார், பிடிபட்டது பாஞ்சாலி. அந்தக் காலத்திலேயே பாஞ்சாலிக்கு அதுதானே நடந்தது.

அதே நேரம் எங்கள் ஊர்க்காரர்கள் கையிலும் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த ஊர்ப் பையன்கள், தோப்பில் ஒரு மூட்டை பெங்களூரா மாங்காய் பறித்தபோது பிடித்துக் கோவில் தூணில் கட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து சேதி வந்தது: பையன்களை விடு, பாஞ்சாலியை விடுகிறோம்.

ராத்திரி பதினொரு மணிக்குப் பஞ்சாயத்து. எங்கள் ஊர்க்கவுண்டர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "திருட்டுப் பசங்கள விடச் சொல்றீங்களா? இன்னிக்கு மாங்கா, நாளைக்கு மாடு. கூத்தாடி காசுக்கு வந்தவன்தானே, கெடக்கட்டும்." வழக்கறிஞர் அண்ணன் வாதம் அப்படியே இருக்கிறதா? அண்ணன் சட்டம் படித்துச் சொன்னார், கவுண்டர் படிக்காமலே சொல்லிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போதுதான் துச்சாதனன் எழுந்தார். கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கட்டி, முகமெல்லாம் சிவப்பு, காலில் சலங்கை, சல் சல் என்று நடந்து கவுண்டருக்கு முன்னால் போய் நின்றார். "கவுண்டரே, நான் அப்புறம் யார் துகில உரியறது? நீங்க வந்து கட்டிக்கிறீங்களா?"

இருங்கள், இருங்கள், சிரித்து முடியுங்கள். இன்னொரு தரம் சொல்லச் சொல்கிறாரா நடுவர்? சொல்கிறேன். மீசை முறுக்கின, ஆறடி உயர ஊர்க்கவுண்டரைப் பார்த்து: "நீங்க வந்து கட்டிக்கிறீங்களா?"

ஏரிக்கரையில் நடந்தது கைமாற்றம். இந்தப் பக்கம் எங்கள் டார்ச், அந்தப் பக்கம் அவர்கள் டார்ச். நடுவே இரண்டு பையன்கள் அங்கே போக, ஒரு பாஞ்சாலி இங்கே வந்தார், பாதி முகம் பாஞ்சாலி, மறுபாதியில் பீடி. பையன்கள் போகிற போக்கில் மாங்காய் மூட்டையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், யாரும் கவனிக்கவில்லை.

மறு வருஷம் அதே பையன்கள் அதே தோப்பில் ஏறினார்களா என்று அண்ணன் கேட்பார். ஏறினார்கள். நான் ஏன் மறைக்கணும்? தோப்புக்குக் காவல் போட்டோம்.

மாங்காயும் துப்பாக்கியும் ஒன்றா என்பீர்கள். இல்லைதான். 1999 டிசம்பரில் விமானத்தைக் காந்தகாருக்குக் கடத்தினார்கள், மூன்று பேரை விட்டோம், அதில் ஒருவன் மசூத் அசார், அடுத்த வருஷமே ஜெய்ஷ்-இ-முகமது ஆரம்பித்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விமானத்தில் நூற்றைம்பது பேருக்கு மேல் இருந்தார்கள், அவர்களில் ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நின்று "விட்டிருக்கக் கூடாது" என்று அண்ணன் சொல்லிவிட்டு வரட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

என் கோபம் வேறு. கைதியை விடவே கூடாது என்று உலகம் உண்மையிலேயே நினைத்தால் சரி என்பேன். அப்படி யாரும் நினைப்பதில்லை, ஆளைப் பார்த்து விடுகிறார்கள். 2020-இல் ஆப்கானிஸ்தானில் ஒரு அமெரிக்க சிவில் இன்ஜினியரைக் கடத்தினார்கள், ஒப்பந்த வேலைக்குப் போனவர். 2022 செப்டம்பரில் அவரை மீட்க, அமெரிக்கச் சிறையில் ஆயுள் தண்டனையில் இருந்த ஹெராயின் வியாபாரி பஷீர் நூர்சாய் வெளியே போனான். நம் ஆட்கள் ஏழு பேரை 2018 மே மாதம் அங்கே பாக்லானில் பிடித்தார்கள், கரண்ட் வேலைக்குப் போன இன்ஜினியர்கள். அடுத்த வருஷம் அக்டோபரில் மூன்று பேருக்குப் பதிலாக 11 தாலிபான் கைதிகள் என்று செய்தி வந்தது.

2007-இல் ஒரு இத்தாலி பத்திரிகையாளரை மீட்க 5 தாலிபான்களை விட்டார்கள். அவர் வீடு போய்ச் சேர்ந்தார். கூடவே பிடிபட்ட ஆப்கன் டிரைவரை முன்பே தலையை வெட்டிவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரை அதற்குப் பிறகு கொன்றார்கள். அவனுக்காகப் பேரம் பேசும்போதுதான் ஆப்கன் அரசுக்கு "இனிமேல் கைதிகளை விடுவதில்லை" என்ற கொள்கை ஞாபகம் வந்தது. இதையே எதிரணி தன் ஆதாரமாகக் காட்டியது. எனக்கு இதுதான் ஆதாரம். காசுக்கு வந்த உள்ளூர்க்காரன் வரும்போது மட்டும் தராசு ஏன் ஒரு பக்கமாகச் சாய்கிறது?

வீரப்பன் கடத்திய கன்னட நடிகர் ராஜ்குமாரையும் இழுத்தார்கள். இழுக்காமல் இருப்பார்களா, வீரப்பன் சுடப்பட்ட பாடி இங்கிருந்து கூப்பிடு தூரம். 2000-இல் 108 நாள் காட்டில் வைத்திருந்தான், தடா கைதிகளை விடச் சொன்னான், தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டு அரசுகளும் தயாராகத்தான் இருந்தன. உச்ச நீதிமன்றம் தடுத்தது. வழக்குப் போட்டவர் அந்தக் கூட்டத்தால் கொல்லப்பட்ட ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் அப்பா. அந்த அப்பாவுக்கு என்னிடம் பதில் இல்லை நடுவர் அவர்களே. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போகிறேன். மார்க் குறைப்பதானால் குறைத்துக்கொள்ளுங்கள்.

என் மாமா, அக்காவின் வீட்டுக்காரர், தொப்பூர் கணவாயில் பதினொரு வருஷம் லாரி ஓட்டினவர். 2003-இல் குவைத்துக்குப் போனார். வீட்டு டிரைவர் வேலை என்று ஏஜென்ட் சொன்னான். அங்கே இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு டிரெய்லரில் ஏற்றி, ஈராக் பக்கம் திருப்பி விட்டார்கள். அண்ணே, அவர் மடுவில் இறங்கவில்லை, குளம் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள்.

2004 ஜூலை. ஈராக்கில் ஏழு லாரி டிரைவர்கள் கடத்தல், மூன்று இந்தியர், மூன்று கென்யாக்காரர், ஒரு எகிப்துக்காரர். முகமூடி போட்டவர்கள் சிறையில் இருக்கிற ஈராக்கியரை விடச் சொல்கிறார்கள். அக்கா டிவியில் "மூன்று இந்தியர்" வரைக்கும்தான் கேட்டாள். பெயர்கள் வந்தன, மாமா பெயர் இல்லை. ஆனால் அதே ரோட்டில்தான் அவரும் ஓட்டிக்கொண்டிருந்தார், போனும் இல்லை. தினமும் சாயங்காலம் எஸ்டிடி பூத் வாசலில் போய் நிற்பாள். எட்டு நாள். ஒன்பதாவது நாள் மணி அடித்தது.

மாமா கேட்டது ஒன்றே ஒன்று: "எரும கன்னு போட்டுச்சா?"

அக்காவுக்கு வாய் வரவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த ரேட் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள், லைன் அறுந்துவிட்டது.

அதற்கப்புறமும் அவள் செய்தி பார்ப்பதை விடவில்லை. ஆகஸ்ட் 31 அன்று நேபாளத்துக்காரர்கள் 12 பேரைக் கொன்ற செய்தி. ஜோர்டானில் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய் ஈராக்கில் விட்ட பிள்ளைகள். மறுநாள் ஏழு டிரைவர்களும் விடுதலை. அண்ணே, எழுந்திருக்க வேண்டாம், அது கைதியை விட்டு அல்ல, பணம் கொடுத்து மீட்டதாகத்தான் செய்தி. தெரியும். ஆனால் அன்றைக்கு அக்காவிடம் ஏழு பேரா, கைதியா, பணமா என்று யார் கேட்டிருக்க முடியும்? அவள் ஒரு முழுச் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தப் பன்னிரண்டு பேருக்காக அழுதாள். பேர்கூடத் தெரியாது அவளுக்கு.

மணி அடிக்கிறார் நடுவர். முடித்துவிடுகிறேன். மாமா வந்து சேர்ந்தார், இப்போது காரிமங்கலம் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறார். அக்கா அதோ, பெண்கள் பக்கம், பச்சைச் சால்வை.

அக்கா, அவர் கேட்டதற்கு நீ அன்றைக்குப் பதிலே சொல்லவில்லையே, என்ன கன்று?

கிடேரியாம், நடுவர் அவர்களே.