‘வாட்ச்மென்’ நூலைப் படமாக்கினால் மாற்றித்தான் எடுக்க வேண்டும்: பாளையங்கோட்டைப் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கிற அண்ணாச்சிமாரே, மதினிமாரே, திரண்டு வந்திருக்கிற பாளையங்கோட்டை மக்களே, வணக்கம்.

சிக்கலான சூப்பர் ஹீரோ கிராஃபிக் நாவலை, அதாவது படக்கதையாக வந்த நாவலை, சினிமாப் படமாக்கும்போது மூலத்தை அப்படியே எடுப்பதா, மாற்றி எடுப்பதா? மாற்றித்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர், ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ நூலைத் தூக்கிக் காட்டி, “இதுவே காட்சிகளை வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டு, கேமராவை வைத்தால் போதும்” என்றார். சரி, அந்த நூலை வைத்தே பேசுவோம்.

முதலில் கணக்கு. 1986, 87-இல் 12 இதழ்களாக வந்த கதை. இதழுக்குச் சுமார் 28 பக்கம், பக்கத்துக்கு ஒன்பது படக் கட்டம் என்பது அடிப்படை அமைப்பு. 2009-இல் ஜாக் ஸ்னைடர் எடுத்த படம் திரையரங்கில் 162 நிமிடம் ஓடியது. இதழுக்குப் பதின்மூன்றரை நிமிடம். எல்லாப் பக்கத்திலும் ஒன்பது கட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கட்டத்துக்கு 3 நொடிக்குச் சற்று மேல். ஆனால் 25 சொல் உள்ள ஒரு பேச்சுக் குமிழை நடிகர் மூச்சுவிட்டுப் பேச 10 நொடி வேண்டும். மீதி நொடிகளை எங்கிருந்து எடுப்பது? யாரும் பேசாத கட்டத்திலிருந்துதான் எடுப்பார்கள். மௌனம் முதலில் போகும். பிறகு ஆளாளுக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், படம் நகராது.

நேரம் மட்டும் பிரச்சினை என்றால் நீளமாக எடுத்துவிடலாம். கண்ணும் காதும் வேலை செய்கிற விதமே வேறு, அதுதான் பெரிய சிக்கல். நூலில் ஒரு பையன் பத்திரிகைக் கடை ஓரம் உட்கார்ந்து கடற்கொள்ளையர் காமிக்ஸ் படிக்கிறான். அந்தக் காமிக்ஸின் வாசகமும் கடைக்காரர் பேச்சும் ஒரே கட்டத்தில் வரும். கண் இரண்டையும் படித்துவிடும், ஒன்றின் அர்த்தம் மற்றதன் மேல் விழும். திரையில் இரண்டு குரலை ஒரே நேரத்தில் விட்டால் இரண்டும் கேட்காது. திரையரங்குப் படம் இந்தக் கிளையை விட்டுவிட்டது. அதை அனிமேஷனாகத் தனியே எடுத்து, பிறகு 215 நிமிடப் பதிப்பில் சேர்த்தார்கள். சேர்த்தபின் என்ன ஆனது? நூலில் ஒன்றோடொன்று பின்னியிருந்தவை இங்கே மாறி மாறி வருகின்றன. ஒவ்வொரு முறையும் கொலையைத் துப்பறியும் முக்கியக் கதை நின்று காத்திருக்கிறது.

ஐந்தாம் இதழைப் பாருங்கள். முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தில் கண்ணாடி பிம்பம் போல வரும்; நடுவில் 14, 15-ஆம் பக்கங்கள் எதிரெதிரே விரியும். 1972-இல் முத்து காமிக்ஸ் வந்த நாளிலிருந்து இந்தச் சீமையில் கட்டம் வாசிக்கிறவர்கள் உண்டு, அவர்களைக் கேளுங்கள். வாசகர் பக்கத்தைப் பின்னால் புரட்டி ஒப்பிடுவார். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் புரட்ட முடியாது. நொடிக்கு 24 பிரேம், முன்னோக்கி மட்டும். சினிமாவால் செய்ய முடியாததைக் காமிக்ஸால் செய்துகாட்டத்தான் இதை எழுதினேன் என்று மூரே சொல்லியிருக்கிறார். படத்தில் தன் பெயரே வேண்டாம் என்றும் விலகிவிட்டார். அப்படிக் கட்டியதை அப்படியே பெயர்த்து நடுவது எப்படி, அண்ணாச்சி?

நம்ம அம்மன் கோவில் கொடையில் வில்லுப்பாட்டு அண்ணாவி என்ன செய்கிறார்? சாமக் கொடைக்கு முன் கதையை முடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பாட்டையும் வேகமாகப் பாடித் தள்ளுவதில்லை. கிளைக்கதையை விடுவார், சாமி வருகிற இடத்துக்கு முழு நேரம் கொடுப்பார். திரைக்கதைக்கும் வழி அதுதான். காட்சிக்கு ஒரு அட்டை போடுங்கள். இந்தக் காட்சியால் யாருக்கு என்ன புதிதாகத் தெரிகிறது என்று அட்டையில் எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்தக் காட்சி அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ‘வாட்ச்மென்’ கதைக்குத் தண்டு, காமெடியன் என்ற பெயர்கொண்ட சூப்பர் ஹீரோவின் கொலை. அதில் தொங்காத கிளை படத்தில் நிற்காது.

படத்தில் மனசைப் பிடிக்கிற இடம் எது? தொடக்கப் பெயர்ப்பட்டியல். நூலில் அப்படி ஒரு பகுதி கிடையாது. நூல் துண்டு துண்டாகச் சொன்ன பல பத்தாண்டு வரலாற்றை, பாப் டிலன் பாட்டுக்குக் கீழே ஏறக்குறைய அசையாத படங்களாக அடுக்கி, சில நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதிசய சக்தி கொண்ட நீல மனிதர் டாக்டர் மன்ஹாட்டன் செவ்வாய்க் கிரகத்தில் இருந்து முக்காலத்தையும் ஒருசேரப் பார்க்கும் அத்தியாயமும் அப்படித்தான்: பக்கத்தில் அருகருகே இருந்த காலங்களைத் திரையில் பிலிப் கிளாஸ் இசைதான் ஒட்டவைக்கிறது. அந்த நீல உடம்பு மற்றவர் முகத்தில் ஒளி வீசவேண்டும் என்று, அவராக நடித்த பில்லி க்ரூடப்புக்கு நீல எல்இடி பதித்த உடை மாட்டினார்கள். இல்லையென்றால் கணினி உருவம் வெட்டி ஒட்டியது போல் தெரியும். அச்சில் இந்தத் தொல்லையே இல்லை, வண்ணம் பூசினால் முடிந்தது.

மாற்றுவதிலும் ஆபத்து உண்டு, மறைக்கமாட்டேன். நூலின் முடிவில், பகை நாடுகளான அமெரிக்காவும் ரஷ்யாவும் பொது ஆபத்தைக் கண்டு கைகோக்கட்டும் என்ற திட்டத்தில், ஒரு ராட்சத ஜந்து நியூயார்க்கில் வந்து விழும். அதைச் செய்த கலைஞர்கள், அவர்கள் இருந்த தீவு என்று முன்கூட்டியே பல இதழ்களில் விதைத்திருப்பார்கள். படம் அதை எடுத்துவிட்டு, மன்ஹாட்டனின் சக்தியே பல நகரங்களை அழித்ததாக மாற்றியது. விதைக்கும் நேரம் மிச்சம், மன்ஹாட்டன் பூமியை விட்டுப் போகக் காரணமும் கிடைத்தது. ஆனால் அவர் அமெரிக்காவின் ஆயுதம் ஆயிற்றே. ரஷ்யா ஏன் அமெரிக்காவோடு கைகோக்கும்? மாற்றியது தப்பில்லை. ஒரு இழையை உருவினால் அது கோத்திருந்த எல்லா இடத்தையும் போய்ப் பார்க்க வேண்டும், அந்த வேலை பாதியில் நின்றுவிட்டது.

தொடராக எடுத்தால் அப்படியே எடுக்கலாமே என்று மதினி கேட்டார்கள். 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி எச்பிஓ ஒன்பது பகுதி எடுத்தது. அவ்வளவு நேரம் கையில் இருந்தும் நூலைத் திரும்பச் சொல்லவில்லை. 1921-இல் டல்சா நகரில் கறுப்பின மக்கள் மேல் நடந்த படுகொலையில் தொடங்கி, நூல் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகான கதையைச் சொன்னார்கள். ஆனால் நூலின் முடிவில் விழுந்த அந்த ஜந்து அங்கே இருக்கிறது, அதன் விளைவுகளோடு இருக்கிறது.

நடுவர் அவர்களே, இதையெல்லாம் வைத்துத் தீர்ப்பு சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.