தங்கவயலில் ஒரு காணும் பொங்கல்

வணக்கம் நேயர்களே. காணும் பொங்கல் அன்று சென்னையில் பாதிப் பேர் கடற்கரைக்குக் கிளம்புவார்கள். நாங்கள் ஐந்து பேர், அப்பா, அம்மா, என் கணவர், பன்னிரண்டு வயது மகள், நான், விடியற்காலை நாலரைக்கே காரை எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்பினோம். கோலார் தங்கவயலில் அப்பாவோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கிய நண்பரைப் பார்க்கப் பயணம். எனக்கு அவர் மாமா. அப்பாவும் அவரும் நேரில் சந்தித்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

சுமார் 250 கிலோமீட்டர். வேலூர் வரை பெரிய சாலை, சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிகொண்டாவில் வலப்பக்கம் திரும்பிப் பாலாற்றைத் தாண்டும்போதுதான் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த ஆத்துத் தண்ணிதாம்மா நாங்க அங்க குடிச்சது" என்று பேத்தியிடம் சொன்னார். உண்மைதான். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து பேத்தமங்கலம் ஏரி வழியாக வருகிறது. தங்கவயலுக்குக் குடிநீர் அந்த ஏரியிலிருந்துதான் போனது. நாங்கள் தாண்டிய இடத்தில் வெறும் மணல்.

குடியாத்தம், பேர்ணாம்பட்டு, அப்புறம் மலைப்பாதை ஏறி வி.கோட்டா. தாத்தாவின் அப்பா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்கப் போனவர். வட ஆற்காட்டிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம். நிலமில்லாதவர்கள், ஊருக்குள் நடக்கவே தடை இருந்தவர்கள். 1880இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி தங்கவயலில் சுரங்க வேலையைத் தொடங்கியது. 1902இலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. தங்கவயலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை டன் தங்கம் என்றே கணக்குச் சொல்கிறார்கள். அதை வெட்டியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

தங்கவயலின் சுரங்கங்களில் ஒன்றான சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். உள்ளே பாறை தொட்டால் சுடும் என்பார் அப்பா. வேலை தொடங்கும் முன் கம்பியால் மேற்பாறையைத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்றால் கெட்டி. பொத்தென்று கேட்டால் விலகி நிற்க வேண்டும். ஒருவர் தட்ட மற்றவர் காது கொடுப்பார். அப்பாவும் மாமாவும் இருபது வருடத்துக்கு மேல் அப்படி ஒருவர் காதை ஒருவர் நம்பி இருந்தவர்கள். சில நாள் பூமிக்குள் பாறை வெடித்து, தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பாத்திரமெல்லாம் அதிரும். அம்மாவும் அத்தையும் என்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சுரங்க வாசலுக்கு ஓடியதை இப்போதும் சொல்வார்கள்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. நாங்கள் சென்னைக்கு வந்துவிட்டோம். மாமாவின் பிள்ளைகள் அங்கேயே இருந்து, மாரிக்குப்பத்தில் ரயிலேறித் தினமும் பெங்களூர் போய்த் திரும்பினார்கள்.

பதினோரு மணிக்குச் சேர்ந்தோம். மாமா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது. அப்பா காரிலிருந்து இறங்கி இருமினார். அந்த இருமலைக் கேட்டுத்தான் எழுந்தார். "இன்னா மச்சான், இப்டி எளச்சிப்பூட்ட" என்று அப்பாவின் முழங்கையைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்பாவுக்கு வார்த்தை வரவில்லை.

அத்தை கேழ்வரகுக் களியும் பிதுக்கம் பருப்புக் குழம்பும் செய்திருந்தார். பச்சை மொச்சையை ஊறவைத்து ஒவ்வொரு கொட்டையாகத் தோலைப் பிதுக்கி எடுக்க வேண்டும். முந்தின நாள் இரவு முழுக்க அதே வேலையாக இருந்ததாக மருமகள் சொன்னாள். அத்தையின் நகக்கண் கறுத்திருந்தது. அம்மா அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

சாயந்திரம் எங்கள் பழைய லைன் வீட்டைப் பார்க்கப் போனோம். பக்கத்தில் சயனைடு மண்மேடு, அதாவது சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண், காற்றடித்தால் வெள்ளையாகப் புழுதி. வீட்டில் இப்போது யாரும் இல்லை. தகரக்கூரை ஒருபக்கம் சரிந்து, சுவரில் விரல் நுழையும் விரிசல். மகள் ஆசையாக உள்ளே ஓடப் பார்த்தாள். "நில்லு கண்ணு" என்று மாமா கையை நீட்டித் தடுத்தார்.

கைத்தடியைத் திருப்பிப் பிடித்து நிலையின் மேல்சுவரைத் தட்டினார். அப்பா தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். இரண்டடி தள்ளி இன்னொரு தட்டு. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது தட்டுக்கு அப்புறம்தான் தலையாட்டினார்.

"சரி, வாங்க" என்றார் மாமா.