முகமூடியைக் கழற்றினால் தோல்வி

நேயர்களுக்கு வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட படம் அப்படியொன்றும் பேர் வாங்கிய படமல்ல. 2006இல் வந்த 'ரெசில்மேனியாக்'. எடுத்தது அமெரிக்காவில், கதை நடப்பது மெக்சிகோவில். நீலப்படம் எடுக்கக் கிளம்பிய ஒரு குழு, வழி தவறி ஒரு பாழூரில் மாட்டிக்கொள்கிறது. அங்கே முகமூடி போட்ட மல்யுத்த வீரன் ஒருவன் இருக்கிறான். அப்புறம் நடப்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

ஒவ்வொருவராகச் சாகும் இந்த ஸ்லாஷர் வகைப் படங்களில் முகமூடி என்பது பெரும்பாலும் சிக்கனம்தான். 1978இல் 'ஹாலோவீன்' எடுத்தவர்கள் கடையில் விற்ற, 'ஸ்டார் டிரெக்' தொடரின் நாயகன் கேப்டன் கிர்க்கின் முகமூடி ஒன்றை வாங்கி, வெள்ளையடித்து, கண் துளைகளைப் பெரிதாக்கிக் கொலைகாரனுக்கு மாட்டிவிட்டார்கள். 1982இல் 'ஃபிரைடே த தர்டீன்த்' படங்களின் கொலைகாரன் ஜேசனுக்கு ஹாக்கி முகமூடி கிடைத்தது. அவன் ஹாக்கி ஆடி யாரும் பார்த்ததில்லை! பயமாக இருந்தால் போதும், எந்த முகமூடியும் சரி.

மெக்சிகோவின் மல்யுத்தமான லூச்சா லிப்ரேயில் அப்படி இல்லை. அங்கே முகமூடிதான் வீரனின் மானம். முகமூடியைப் பந்தயம் வைத்து இருவர் மோதுவார்கள். தோற்றவன் கோதாவிலேயே, கூட்டத்தின் முன்னால், அதைக் கழற்றித் தன் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். எல் சாந்தோ என்ற மாவீரர் 1942இல் வெள்ளி முகமூடி அணிந்தார். பல பத்தாண்டுகள் ரசிகர்களுக்கு முகத்தைக் காட்டவே இல்லை. 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் லேசாகத் தூக்கிக் காட்டினார். அடுத்த மாதமே இறந்துபோனார். முகமூடியோடுதான் புதைத்தார்கள்.

இதே சாந்தோ ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்திருக்கிறார். ரத்தக்காட்டேரி, மம்மி, கிறுக்கு விஞ்ஞானி என்று யார் வந்தாலும் அடித்து விரட்டுவார். முகமூடி வீரன் வந்துவிட்டால் இனிப் பயமில்லை என்பதுதான் அந்தப் படங்களின் கணக்கு. 'ரெசில்மேனியாக்' அதைத் தலைகீழாகப் புரட்டுகிறது. காப்பாற்ற வேண்டியவனே கொல்கிறான். எப்படிக் கொல்கிறான் என்பதில்தான் சரக்கு இருக்கிறது. அகப்பட்டவர்களின் முகத்தைப் பிய்த்தெடுக்கிறான். தோற்றவன் முகமூடியை இழக்க வேண்டும் என்பது கோதா விதி. இவர்களிடம் முகமூடி இல்லை, முகம் மட்டுமே இருக்கிறது. கொலைகாரனின் தொழிலிலிருந்தே கொலை செய்யும் முறை முளைக்கிற ஸ்லாஷர் படங்கள் அபூர்வம். இந்த ஒரு யோசனைக்காகவே எனக்குப் படத்தின் மேல் ஒரு மரியாதை.

கொலைகாரனாக வருபவர் நிஜ மல்யுத்த வீரரான ரே மிஸ்டீரியோ சீனியர். டபிள்யூடபிள்யூஈ என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தில் புகழ்பெற்ற ரே மிஸ்டீரியோவின் நெருங்கிய உறவினர், அவருக்குப் பயிற்சி கொடுத்தவரும் இவர்தான். 2024 டிசம்பரில் காலமானார். பிடிபோட்டுப் பழகிய உடம்பு என்பது திரையில் பார்த்ததும் தெரிகிறது.

ஆனால் அவர் வருவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். மொத்தப் படமே ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். அதில் பெரும்பகுதியைக் குழுவினரின் அசட்டு நகைச்சுவை தின்றுவிடுகிறது. இதற்குப் பணப் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது. நல்ல வசனம் எழுதக் காசு அதிகம் ஆகாது.

பார்க்க நினைப்பவர்கள் முதலில் 1962இல் வந்த, சாந்தோ ரத்தக்காட்டேரிப் பெண்களோடு மோதும் படத்தைப் பார்த்துவிடுங்கள். அப்போதுதான் இதில் எது கவிழ்கிறது என்று புரியும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சாந்தோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.