துவைத்த சட்டை மதியத்துக்குள் ஏன் நாறுகிறது? குற்றவாளி சோப்பு அல்ல, நூல்!

சேலத்துச் சித்திரை வெயில். துவைத்து, இஸ்திரி போட்டு, மணக்க மணக்க அணிந்த சட்டை. பதினோரு மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் நிற்கும்போதே அக்குளில் நேற்றைய வாடை எழுந்துவிடுகிறது. சோப்பை மாற்றுகிறோம், பவுடர் போடுகிறோம், சென்ட் அடிக்கிறோம். ஆனால் சட்டை எந்த நூலில் நெய்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தறிச் சத்தத்தோடு வளர்ந்த ஊர் நம்முடையது. நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?

வியர்வைக்கென்று பெரிதாக வாடை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போது உண்டாகும் அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும்தான் நாறுகின்றன. பாடம் அவ்வளவுதான், கதைக்கு வருவோம்.

(திரையில்: வியர்வையில் நனைந்த இரண்டு டி-ஷர்ட்டுகள்)

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரை உடற்பயிற்சி சைக்கிளில் ஏற்றி, வியர்க்க விறுவிறுக்க மிதிக்க வைத்தார்கள். சிலருக்குப் பருத்தி, சிலருக்குப் பாலியெஸ்டர், சிலருக்குக் கலப்பு. மறுநாள் அந்த டி-ஷர்ட்டுகளை முகர்ந்து பார்க்கவே பயிற்சி பெற்ற ஒரு குழு! 2014இல் வெளியான அந்த ஆய்வில் பாலியெஸ்டர்தான் கூடுதலாக நாறியது. அதைவிட அருமையான செய்தி ஒன்று உண்டு: அக்குள் நாற்றத்துக்குப் பேர்போன கோரினிபாக்டீரியம் துணியில் சரியாக வளரவே இல்லை. பாலியெஸ்டரில் செழித்தது மைக்ரோகாக்கஸ் என்ற வேறொன்று. ஆக, உடம்பின் வாடை வேறு, சட்டையின் வாடை வேறு. குளித்துவிட்டு வந்தவரையும் சட்டை காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

காற்றில் சாதாரண ஈரப்பதம் இருக்கும்போது பருத்தி இழை தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. பட்டு 11, கம்பளி 16. பாலியெஸ்டரோ 0.4 சதவீதம்தான். தண்ணீரை விரட்டும் இந்த இழைக்கு எண்ணெய்ப் பசை என்றால் மட்டும் கொள்ளைப் பிரியம். வியர்வையோடு வரும் கொழுப்பையும் வாடைப் பொருள்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறது; ஒரு அலசலில் விடாது. மறுபடி அணிந்து உடம்புச் சூடு பட்டதும் பழைய வாடை கிளம்புகிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். கம்பளி ஏன் குறைவாக நாறுகிறது? பாக்டீரியா இல்லாததால் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அணிந்து 28 நாள் கழித்தும் துணியில் பாக்டீரியா உயிரோடு இருந்தது. ஆனாலும் வாடை மிகக் குறைவாக இருந்தது கம்பளியில்தான். கம்பளி ஒரு புரத இழை. வாடை தரும் அமிலங்களை உள்ளே இழுத்துத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. இறுக மூடிய ஊறுகாய் ஜாடி மாதிரி: உள்ளே எல்லாம் இருக்கிறது, மூக்குக்கு எட்டுவதில்லை. பாக்டீரியாவை எண்ணி நாற்றத்தைக் கணிக்க முடியாது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

உடனே ஏற்காட்டுக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கிவிடாதீர்கள். விலை மலிவான ஸ்வெட்டர்களில் பல அக்ரிலிக். பார்க்கக் கம்பளி, குணத்தில் பாலியெஸ்டரின் பங்காளி. லேபிளைப் படியுங்கள்.

லேபிளே இல்லையா? துணியின் ஓரத்தில் பாவிலிருந்து (நீளவாட்டில் ஓடும் நூல்) ஒன்று, ஊடையிலிருந்து (குறுக்கே ஓடும் நூல்) ஒன்று உருவுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பறக்கும் மென்சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றத்தோடு சுருண்டு, கருப்பாய் நொறுங்கும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கெட்டி மணியாகிவிடும். சூடாக இருக்கும்போது அந்த மணியைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கலப்பு நூல்.

அதற்காகப் பருத்தியை முழுப் புனிதன் ஆக்கவும் நான் தயாரில்லை. வாங்கிய ஈரத்தை அது லேசில் விடாது. ஏற்காட்டு மூடுபனியில் கொடியில் போட்ட துண்டு மறுநாளும் சில்லென்றிருக்கும். அந்த ஈரத்துணி வாடைக்குப் பின்னால் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். காய்வதையும் புற ஊதாக் கதிரையும் தாங்கக்கூடியது அது. வாடை பிடித்த துண்டை வெயிலில் போட்டால் மட்டும் போதாது; 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும்.

சேலம் வெண்பட்டு வேட்டிக்கு அந்த வைத்தியம் ஆகாது. வியர்வை உப்பு பட்டு இழையை நலிவாக்கும்; கல்யாணம் முடிந்து வந்ததும் பீரோவில் மடித்து வைக்காமல் நிழலில் காற்றாட விடுங்கள்.

பாலியெஸ்டர் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, என்சைம் உள்ள சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவையுங்கள். வாடையை மறைக்க வாசனைத் திரவத்தை ஊற்றாதீர்கள்.

இளம்பிள்ளை, அம்மாப்பேட்டை, குகை தறிக்காரர்களே, இன்று உங்கள் தறியில் பாவு எந்த நூல், ஊடை எந்த நூல்? கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அந்தத் துணிகளையே எரித்துக் காட்டுகிறேன்.