முருங்கைக் கம்பு நடக் காணி எங்கே?

நடுவர் ஐயா, எதிரணி, எங்கள் அணி, கச்சான் கடைப் பக்கம் நின்றபடியே கேட்கும் சனம், எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு உங்களுக்குத் தெரியும்: இனங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வுக்குப் பெரிதும் காரணம் முயற்சிக் குறைவா, மூடிய கதவா? நான் மூடிய கதவின் பக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணை சற்று முன் ஒரு குத்து விட்டார். "வரலாற்றைச் சொல்லி அழுகிறவர்கள் தங்கட வளவில் ஒரு முருங்கைக் கம்பாவது நட்டார்களா?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். முன்வரிசையில் என் மாமிதான் பலமாகத் தட்டினார், அதை வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

சரி அண்ணை, நடுவோம். எங்கே நடுவது? முருங்கைக்குப் பசளை வேண்டாம், பராமரிப்பு வேண்டாம், ஒடித்துக் குத்தினால் வந்துவிடும். ஆனால் குத்துவதற்கு ஒரு வளவு வேண்டும். அது உன்னுடையதுதான் என்று சொல்ல ஒரு கடதாசியும் வேண்டும்.

மாங்குளம் பக்கத்தில் ஓர் ஐயா இருக்கிறார். மலையகத்தில் கொழுந்து பறித்த குடும்பம். 1977 கலவரத்தில் தோட்டத்து லய வீட்டை விட்டு, உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்தவர். காடு வெட்டினார், குடிசை போட்டார், வாசலில் ஒரு பலா வைத்தார். கடைசிப் போரில் எல்லாரையும் போல அவரும் ஓடினார். திரும்பி வந்தால் வீடு இல்லை, பலா நிற்கிறது. அடிமரத்தில் சன்னம் துளைத்த ஓட்டை, அதிலிருந்து வடிந்த பால் கறுத்து இறுகிக் கிடக்கிறது. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

கிணறு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். அதிகாரி கேட்டார்: "காணிப் பெர்மிட் இருக்கோ, ஐயா?"

"மரத்தப் பாத்தா தெரியாதுங்களா சார்?"

"மரம் கையெழுத்து வைக்காது ஐயா."

நியாயம்தானே? ஐயா வீட்டுக்குப் போய் யோசித்தார். அடுத்த முறை அந்தப் பலாவிலேயே ஒரு பழம் பிடுங்கி, தோளில் சுமந்து வந்து, அதிகாரியின் மேசையில், கோப்புகளுக்கு மேல், தொப்பென்று வைத்தார். "கையெழுத்து வைக்காதுங்க சார், காய்ச்சிருக்குங்க." வங்கி முழுக்க வாசம். காசாளர் எழும்பி வந்தார், காவலாளி கத்தி எடுத்து வந்தார். எல்லாரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்து, கையில் ஒட்டிய பாலைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே அதிகாரி சொன்னார்: "நல்ல தேன் பழம் ஐயா. பெர்மிட்டோட வாங்கோ."

மறுபடி ஒருக்கால் சொல்லட்டா? இந்த முறை ஐயாவை எடுத்துவிட்டு எங்கள் எதிரணி அண்ணையை அனுப்புவோம். அண்ணை போகிறார், தோளில் முருங்கைக் கம்பு. அதிகாரி கேட்கிறார்: "பெர்மிட்?" அண்ணை சொல்கிறார்: "முயற்சி இருக்கு." அதிகாரி சொல்கிறார்: "முயற்சியை வெளியில் சாத்தி வையுங்கோ, அடுத்த ஆள்!"

சிரியுங்கள். இதே கதையை இப்போது அமெரிக்காவுக்குக் கொண்டு போகிறேன். இரண்டாம் உலகப் போரில் சண்டை பிடித்துத் திரும்பியவர்களின் வீடு, தொழில், பண்ணைக் கடன்களுக்கு அரசே பொறுப்பு நிற்கும் என்று 1944இல் சட்டம் வந்தது. கடன் கொடுப்பது வங்கி. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் எடுத்த கணக்கில் அப்படிக் கொடுத்த கடன்கள் 3,229. அதில் கறுப்பினப் படைவீரருக்குக் கிடைத்தவை இரண்டு. இரண்டாயிரம் இல்லை மாமி, இரண்டு! குண்டுக்கு நெஞ்சைக் காட்டியவனிடம் எந்த முயற்சி குறைந்திருந்தது அண்ணை?

அதற்கு முன்னும் இதே கதைதான். 1862இல் ஆளுக்கு 160 ஏக்கர் அரச காணி கொடுக்கச் சட்டம் வந்தபோது கறுப்பர்களில் பெரும்பாலோர் அடிமைகள். 1865இல் விடுதலை பெற்றவர்களுக்கு 40 ஏக்கர் என்றார்கள், அதே ஆண்டில் ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அந்தக் காணியைப் பழைய எசமான்களிடமே திருப்பிக் கொடுத்தார். 1930களில் கறுப்பர் வாழ்ந்த தெருக்களுக்கு வரைபடத்தில் சிவப்பு மை பூசி, கடன் கொடுப்பது ஆபத்து என்றார்கள். முதல் பந்தியில் சாப்பிட்டு எழும்பியவன் கடைசிப் பந்தியைப் பார்த்து 'ஏன் மெலிந்திருக்கிறாய்' என்று கேட்கிற கதை இது. 'ஒபாமா வரவில்லையா' என்றார் எதிரணித் தம்பி. வந்தார், எட்டு வருடம் இருந்து போனார். அவர் போன பிறகு, 2022இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், சொத்து வரிசையில் நட்டநடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 285,000 டொலர், அதேபோல நடுவில் நிற்கும் கறுப்புக் குடும்பத்தினது 44,900.

அமெரிக்காவைத் திட்டுவது சுகம், கடல் கடந்து அடிக்க வரமாட்டான். இங்கே, இலங்கைக்கு வருவோம். 1948இல் ஒரு குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, இந்தியாவுக்கு இத்தனை, இலங்கைக்கு இத்தனை என்று, உனக்கு 525,000 பேர், எனக்கு 300,000 பேர் என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்து முடிக்கச் சட்டம் வந்தது 2003இல். குடியேற்றத் திட்டங்களில் காணி பிரித்த காலத்தில் பிரஜை இல்லாதவனுக்கு யார் பெர்மிட் எழுதினார்கள்?

சட்டம் கொழும்பில் எழுதியது, ஒத்துக்கொள்கிறேன். மலையகத்தாரை 'தோட்டக்காட்டார்' என்று இளக்காரமாய்ச் சொன்ன வாய் எங்கே இருந்தது? கொழும்பிலா? எங்கள் வயலில் களை பிடுங்க வந்த அக்காவுக்கு வெயிலில் தேத்தண்ணீர் கொடுத்தோமே, எந்தக் கோப்பையில் கொடுத்தோம்? நாங்கள் குடிக்கிற கோப்பையிலா, வேலியில் கவிழ்த்து வைத்திருந்த கோப்பையிலா? அந்த அக்காவின் கையைப் பார்த்திருக்கிறீர்களா அண்ணை? அந்தக் கையைப் பார்த்தும் முயற்சிக் குறைவு என்று உங்களால் சொல்ல முடியுமா?

இப்போது யாரும் கை தட்டவில்லை. பரவாயில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் ஐயா. தீர்ப்பை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். அந்த ஐயாவுக்கு இன்னும் பெர்மிட் இல்லை. இந்தக் கூட்டத்தில் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிற ஆட்கள் இருந்தால், முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வாங்கோ, விண்ணப்பம் என் பையில் இருக்கிறது. வணக்கம்.